வண்டி ஏன் நடுங்குகிறது?

(பிக்கப் வண்டி ஓட்டுநர்கள் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இங்கே சிலர் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறீர்கள். சிலர் சம்பளத்துக்கு ஓட்டுகிறீர்கள். யாராக இருந்தாலும் ஒன்றுதான். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

நம் நாடு முழுவதும் இந்த வண்டி ஓடுகிறது. நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றுகிறது. இமாச்சல மலையில் ஆப்பிள் ஏற்றுகிறது. ஊருக்கு ஊர் சிமெண்டு, கம்பி, காய்கறி, ஆடு, மாடு எல்லாம் ஏற்றுகிறது. பொலிரோ பிக்கப், டாட்டா யோதா போன்ற வண்டிகள் 1 டன்னுக்கு மேல் சுமக்கும். உழைக்கிற வண்டிக்கு உடம்பு வலி வரத்தானே செய்யும்?

அந்த வலியைத்தான் நாம் நடுக்கம் என்கிறோம். ஸ்டீயரிங் ஆடுகிறது என்கிறோம். வண்டி உதறுகிறது, தூக்கிப் போடுகிறது என்கிறோம்.

நடுக்கம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சிலர், ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். சிலர் நேரே பட்டறைக்குப் போகிறோம். "வண்டி நடுங்குது, பாருங்க" என்கிறோம். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. மெக்கானிக் என்ன செய்வார்? ஒரு சாமானை மாற்றிப் பார்ப்பார். போகவில்லை என்றால் இன்னொன்றை மாற்றுவார். பணம் போகும். நடுக்கம் போகாது.

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் உடனே ஊசி போடுவாரா? "எத்தனை நாளாக இருக்கிறது? காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா? குளிர் இருக்கிறதா?" என்று கேட்பார். கேட்ட பிறகுதான் மருந்து கொடுப்பார். வண்டிக்கும் அப்படித்தான். முதலில் கேள்வி. பிறகு ஸ்பேனர்.

கேள்விகள் மூன்று. எப்போது நடுங்குகிறது? எங்கே நடுங்குகிறது? எப்படி நடுங்குகிறது?

இவற்றுக்குப் பதில் மெக்கானிக்குக்குத் தெரியாது. தினமும் அந்த இருக்கையில் உட்காருகிறவர் நீங்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

எப்போது?

வண்டி நிற்கிறது. என்ஜின் மட்டும் ஓடுகிறது. அப்போதே நடுங்குகிறதா? அப்படியானால் டயரைக் குறை சொல்லாதீர்கள். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம். என்ஜின் சரியாக எரியாமல் இருக்கலாம்.

வண்டி கிளம்பும்போது மட்டும் உதறி, பிறகு நின்றுவிடுகிறதா? கிளட்சைப் பாருங்கள். மவுண்டிங்கையும் பாருங்கள். புரொப்பல்லர் ஷாப்டின் ஜாயிண்டுகளையும் பாருங்கள்.

பிரேக் போடும்போது மட்டும் நடுங்குகிறதா? பிரேக் டிஸ்க் அல்லது டிரம் கோணியிருக்கலாம். டிரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கலாம். பிரேக் பெடல் காலுக்கு அடியில் துடிக்கிறதா என்று கவனியுங்கள். துடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஒரு குறிப்பிட்ட வேகம் வந்தால் மட்டும் நடுங்குகிறதா? 60 அல்லது 70 கி.மீ. வேகத்தில் தொடங்கி, 90-இல் குறைகிறதா? பெரும்பாலும் சக்கரத்தின் பேலன்ஸ் சரியில்லை.

இன்னொரு சோதனை சொல்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமமான சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு நான்காவது கியரில் அதே 40-இல் ஓட்டுங்கள். இரண்டிலும் நடுக்கம் ஒரே மாதிரி இருந்தால், குறை சக்கரம் சுற்றும் பக்கம் இருக்கிறது. அதாவது டயர், ரிம், ஷாப்ட். கியர் மாறியதும் நடுக்கமும் மாறினால், குறை என்ஜின் பக்கம் இருக்கிறது.

இதற்காக மலைச் சரிவில் நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டாம். ஓடும் வண்டியில் என்ஜினை அணைக்கவும் வேண்டாம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் பலம் போய்விடும். பவர் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும்.

எங்கே?

கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?

ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் குறை முன்பக்கம். ஸ்டீயரிங் ஆடாமல் இருக்கையும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் குறை பின்பக்கம். அல்லது நடுவில் ஓடும் ஷாப்டில்.

சக்கரம்தான் காரணமா என்ற சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தால், முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் போடுங்கள். பின்சக்கரங்களை முன்னால் போடுங்கள். கையில் இருந்த நடுக்கம் இருக்கைக்கு வந்துவிட்டதா? குற்றவாளி அகப்பட்டான். அந்தச் சக்கரங்களில் ஒன்றுதான். இதற்குப் புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். அரை மணி நேர உழைப்பு போதும்.

எப்படி?

சில நடுக்கம் மெதுவாக இருக்கும். தட், தட், தட் என்று ஆட்டும். சில நடுக்கம் வண்டு ரீங்காரம் போல வேகமாக இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 கி.மீ. வேகம் என்றால் ஒரு நிமிடத்தில் 1 கி.மீ. அதாவது 1,000 மீட்டர். பிக்கப் வண்டியின் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். அப்படியானால் 1 நிமிடத்தில் சுமார் 450 சுற்று. ஒரு நொடிக்கு 7 அல்லது 8 சுற்று.

ஷாப்ட் அதைவிட வேகமாகச் சுற்றும். பல பிக்கப் வண்டிகளில் சக்கரம் 1 முறை சுற்றினால் ஷாப்ட் ஏறக்குறைய 4 முறை சுற்றும். ஒரு நொடிக்கு 30 சுற்று.

இப்போது புரிகிறதா? சக்கரத்தில் குறை இருந்தால் நடுக்கம் மெதுவாக ஆட்டும். ஷாப்டில் குறை இருந்தால் வண்டு போல ரீங்கரிக்கும். காதும் உடம்பும் சொல்வதை இந்தக் கணக்கும் சொல்கிறது.

செலவில்லாததை முதலில் பாருங்கள்

நண்பர்களே, வரிசை முக்கியம். காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். காசு செலவாகும் வேலையைக் கடைசியில் செய்யுங்கள்.

முதலாவது, வீல் நட்டு. ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒன்று லூசாக இருந்தாலும் சக்கரம் ஆடும். ஆட ஆட ரிம்மின் ஓட்டை அகலமாகும். போல்ட் ஒடியும். கடைசியில் சக்கரமே கழன்று ஓடும். நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரே இருப்பதை இறுக்குங்கள். பஞ்சர் ஒட்டி டயர் மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இரண்டாவது, சேறு. வயலுக்குள் போய் வந்த வண்டியில் ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேலன்ஸ் செய்யும்போது சில கிராம் எடைக்கே ஈயக் கட்டி ஒட்டுகிறார்கள். அப்படியிருக்க, ஒரு கைப்பிடிச் சேறு என்ன பாடு படுத்தும்? கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, காற்று. ஓட்டுநர் கதவுப் பக்கம் அல்லது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் காற்றின் அளவு போட்டிருக்கும். பல வண்டிகளில் முன்டயருக்கு ஓர் அளவு, பின்டயருக்கு ஓர் அளவு. அந்த எண்ணை நீங்களே படியுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், டயர் ஆறியதும் காற்று குறைந்துபோகும்.

காற்று அதிகமானால் வண்டி தூக்கிப் போடும். டயரின் நடுப்பகுதி தேயும். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். டயர் சூடேறும். சுமையோடு ஓடும்போது வெடிக்கவும் செய்யும்.

நான்காவது, டயர். பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். டயரின் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். 20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி ஆடி ஆடிப் போனால் டயர் உள்ளே பிரிந்திருக்கலாம். ரிம் நெளிந்திருக்கலாம். புடைத்த டயரை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

டயரின் மேல் எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. அவற்றில் 4 எண்கள் சேர்ந்த ஒரு குறி இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். கடைக்காரர் புது டயர் என்று சொன்னால், அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

டயரின் பட்டன் ஆழத்துக்கும் சட்ட அளவு உண்டு. நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவு வந்துவிட்டதா என்று காட்டப் பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது.

இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகும் நடுக்கம் இருக்கிறதா? இப்போது பேலன்ஸ் செய்யும் கடைக்குப் போங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். பேலன்ஸ் வேறு, அலைன்மெண்ட் வேறு. அலைன்மெண்ட் சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். பேலன்ஸ் சரியில்லை என்றால் நடுங்கும். எது வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கேளுங்கள்.

ஷாப்டும் ஜாயிண்டும்

பேலன்ஸ் செய்தும் ரீங்காரம் போகவில்லை என்றால் ஷாப்டைப் பாருங்கள். என்ஜினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய் அது. அதன் முனைகளில் கிராஸ் ஜாயிண்டுகள் உண்டு. நீளமான ஷாப்டுக்கு நடுவில் ஒரு சென்டர் பேரிங்கும் அதைத் தாங்கும் ரப்பரும் உண்டு.

என்ஜினை அணையுங்கள். சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நியூட்ரலில் போடுங்கள். ஷாப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். முறுக்கியும் பாருங்கள். ஜாயிண்டில் லொடலொடவென்று ஆட்டம் இருக்கிறதா? செம்மண் நிறத்தில் துருப்பொடி உதிர்கிறதா? கிரீஸ் இல்லாமல் ஜாயிண்டு காய்ந்து தேய்ந்துவிட்டது. கிளம்பும்போது 'டக்' என்று சத்தம் வந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஓடும்போது ஜாயிண்டு உடைந்தால் ஷாப்ட் கழன்று விழும். முன்முனை சாலையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும்.

ஷாப்டைக் கழற்றும் முன், பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். ஒரு பல் மாறி மாட்டினாலும் புது நடுக்கம் தொடங்கும். ஆகவே மெக்கானிக்கிடம் இதையும் சொல்லுங்கள்: "நடுக்கம் வருவதற்கு முன் இந்த வண்டியில் கடைசியாகச் செய்த வேலை இது."

தூக்கிப் போடுவது ஏன்?

காலி பிக்கப் கொஞ்சம் குதிக்கத்தான் செய்யும். பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். 1 டன்னுக்கு மேல் தாங்க வேண்டும் என்று செய்தது. சுமை இல்லாதபோது அது வளையாது. அது குறை அல்ல, அதன் இயல்பு.

ஆனால் முன்பைவிட அதிகமாகத் தூக்கிப் போட்டால் காரணம் தேடுங்கள்.

ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதன்மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் அதன் வேலை முடிந்தது. பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒருமுறை அசைந்து நின்றுவிட வேண்டும். திரும்பத் திரும்பக் குதித்தால் ஷாக் போய்விட்டது. டயர் ஒரே சீராகத் தேயாமல் குழி குழியாகத் தேய்ந்திருந்தாலும் ஷாக் மேல் சந்தேகப்படுங்கள். பேலன்ஸ் மேலும் சந்தேகப்படுங்கள்.

பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒடிந்த பட்டையில் கீறல் தெரியும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் ஒடிந்தால் பின் அச்சே நகர்ந்துவிடும். வண்டி கோணலாக ஓடும். இதை ஒரு கயிற்றால் அளக்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை அளங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்க வேண்டும். விரலளவு வித்தியாசம் தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிகச் சுமை ஏற்றுவதற்காகச் சிலர் கூடுதல் பட்டை போடுகிறோம். அதனால் என்ன ஆகிறது? காலியாக வரும்போது வண்டி கல்வண்டி போலக் குதிக்கிறது. வண்டியின் பின்பக்கம் உயர்கிறது. உயர்ந்ததால் ஷாப்ட் நிற்கும் கோணம் மாறுகிறது. கோணம் மாறியதால் ஜாயிண்டு நடுங்குகிறது, சீக்கிரம் தேய்கிறது. பட்டையைத்தான் கூட்டினோம். டயரையும் பிரேக்கையும் அச்சையும் கூட்டவில்லையே?

சட்டமும் இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமையை இறக்கும் கூலியும் நம் தலையில்தான். நாலு நடையில் கிடைத்த கூடுதல் வாடகை ஒரே நாளில் போய்விடும்.

சுமை ஏற்றச் சொல்லி முதலாளி வற்புறுத்துவார். வியாபாரியும் வற்புறுத்துவார். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரேக் பிடிக்காதபோது அந்த இருக்கையில் இருப்பவர் முதலாளி அல்ல, வியாபாரி அல்ல. நீங்கள்தான்.

உடனே நிறுத்துங்கள்

சில அடையாளங்களைக் கண்டால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

நேற்று இல்லாத நடுக்கம் இன்று திடீரென்று வந்து கூடிக்கொண்டே போகிறது.

பள்ளத்தில் ஓர் அடி விழுந்ததும் ஸ்டீயரிங் படபடவென்று ஆடி நிற்க மறுக்கிறது.

ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் கருகிய வாடை அல்லது அனல் வருகிறது.

வண்டிக்கு அடியில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்கிறது.

ஸ்டீயரிங் படபடத்தால் முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். டயரைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி இடத்திலும் 6 மணி இடத்திலும் கை வைத்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்டு தேய்ந்திருக்கலாம். 9 மணி இடத்திலும் 3 மணி இடத்திலும் பிடித்து அசையுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கின் டை ராடு முனையைப் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கி சரிந்தால் மறு வாய்ப்புக் கிடைக்காது.

ஒரு நோட்டு வையுங்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டியில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வையுங்கள். நடுக்கம் வந்த அன்று, வண்டியை நிறுத்திய பிறகு, நாலு வரி எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"திங்கட்கிழமை. காலி வண்டி. 70 கி.மீ. வேகம். ஸ்டீயரிங் ஆடியது. 90-இல் குறைந்தது. பிரேக் போடவில்லை."

இதைப் படித்ததும் உங்களுக்கே தெரியும். முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். நட்டு, சேறு, காற்று, டயர், பிறகு பேலன்ஸ்.

இன்னொரு நாள் இப்படி எழுதுகிறீர்கள்:

"வெள்ளிக்கிழமை. முழுச் சுமை. 50 கி.மீ. வேகம். இருக்கையில் ரீங்காரம். ஸ்டீயரிங் ஆடவில்லை. கிளம்பும்போது டக் என்ற சத்தம்."

இது ஷாப்ட். நேரே ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். டயர் மாற்ற வேண்டியதில்லை.

பாருங்கள், இந்த நாலு வரிக்கு எவ்வளவு மதிப்பு! வேண்டாத டயர் வாங்கும் செலவு மிச்சம். பட்டறையில் காத்துக் கிடக்கும் நாளும் மிச்சம். வேலை முடிந்ததும் மாற்றிய சாமான், விலை, தேதி, கி.மீ. இவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். சரியான விவரம் சொல்லும் ஓட்டுநரை அவருக்கும் பிடிக்கும்.

வண்டிக்கு வாய் கிடையாது. நடுக்கம்தான் அதன் பேச்சு. எப்போது, எங்கே, எப்படி என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். நாளைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், முதல் வேலையாக வீல் நட்டுகளைப் பாருங்கள். காற்றைப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.